இறவாரத்து இடைவெளி: நிதி அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேரியா இன்னும் ஒழியாத நாடுகளின் நிதி அமைச்சர்களுக்கும், திட்டக் குழுக்களில் இருப்போருக்கும், அவர்களுக்குக் கடன் கொடுக்கும் வளர்ச்சி வங்கிகளின் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

மலேரியா என்ற சொல் தலைப்பில் இருந்தால் அந்தக் கடிதம் உங்கள் மேசையில் ஒரு மணி நேரம்கூடத் தங்காது. "சுகாதாரத் துறைக்கு அனுப்பவும்" என்று ஓரத்தில் எழுதித் தள்ளிவிடுவார்கள். இதையும் அப்படித் தள்ளிவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். இதில் மருந்தைப் பற்றிய பேச்சு குறைவு. சுவர், கூரை, வாய்க்கால், குடிநீர்க் குழாய், கூலி, சுங்கவரி ஆகியவற்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். சுகாதார அமைச்சர் நினைத்தாலும் இவற்றில் ஒன்றைக்கூட அசைக்க முடியாது. நீங்கள் நினைத்தால் முடியும்.

கணக்கு உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் கணக்கில் தொடங்குகிறேன். 2023இல் உலகில் 26 கோடியே 30 லட்சம் பேருக்கு மலேரியா வந்தது, 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நோயிலும் சாவிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அதே ஆண்டில் மலேரியாவை எதிர்கொள்ளத் தேவைப்பட்ட பணம் 830 கோடி டாலர். கிடைத்தது 400 கோடி. பாதிகூட இல்லை.

கிடைத்த பணம் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2000க்கும் 2015க்கும் இடையில் கொசுவலை, மருந்தடிப்பு, ஆர்ட்டிமிசினின் என்ற மருந்து கலந்த சிகிச்சை மூன்றும் சேர்ந்து ஆப்பிரிக்காவில் 66 கோடிக்கும் அதிகமான முறை மலேரியா வராமல் தடுத்தன என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் மருந்தூட்டிய கொசுவலையின் வேலை. ஆகவே வலையைக் குறை சொல்லி ஒரு வார்த்தைகூட எழுத எனக்கு மனம் வராது. ஆனால் அந்த வலையில் தோய்த்த பைரித்ராய்டு மருந்துக்குக் கொசு பழகிவிட்டது. ஆர்ட்டிமிசினினுக்கு முழுதாக மசியாத ஒட்டுண்ணி ருவாண்டா, உகாண்டா, தான்சானியா, எரித்திரியா ஆகிய நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. மருந்தும் வலையும் நமக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தந்தன. அந்த அவகாசத்தில் நீங்கள் என்ன கட்டினீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்புவதில் முன்னால் நிற்பது அனாபிலிஸ் காம்பியே என்ற கொசு. ஊர் அடங்கிய பிறகு வீட்டுக்குள் வந்து, தூங்குகிறவர்களைக் கடிப்பது அதன் பழக்கம். உள்ளே வருவதற்கு அதற்குக் கதவோ ஜன்னலோ தேவையில்லை. சுவரும் கூரையும் சேருமிடத்தில், இறவாரத்தின் அடியில், புகை வெளியேறவும் காற்று வரவும் விட்டிருக்கும் இடைவெளிதான் அதன் வாசல். மனித வாடையைப் பிடித்துக்கொண்டு தாழப் பறந்து வரும் கொசு சுவரில் முட்டியதும் மேல்நோக்கி ஏறும். ஏறிய இடத்தில் திறந்த இறவாரம். கோடிக்கணக்கான குழந்தைகளின் காய்ச்சல் அந்த ஒரு சாண் இடைவெளி வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த ரகசியமும் அல்ல. 1900ஆம் ஆண்டு லூயி சாம்பன், ஜார்ஜ் லோ என்ற இரு மருத்துவர்கள், ரோமாபுரிக்கு அருகே ஓஸ்டியாவின் சதுப்பு நிலத்தில், வலையடித்த மரக்குடிசை ஒன்றில் மலேரியாக் காலம் முழுவதும் தங்கினார்கள். பொழுது சாயும் முன் உள்ளே போய்விடுவது, விடிந்த பிறகு வெளியே வருவது, அவ்வளவுதான் வைத்தியம். கொயினா என்ற மலேரியா மருந்தைத் தொடவில்லை. சுற்றுவட்டாரமே காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தபோது இவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே ஆஞ்செலோ செல்லி என்ற இத்தாலிய மருத்துவர் ரயில்வே ஊழியர்களின் வீடுகளுக்குக் கம்பி வலை அடித்து இதே பலனைக் காட்டியிருந்தார். கதவுக்கும் ஜன்னலுக்கும் வலை அடித்தால் மலேரியா குறையும் என்று நிரூபித்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. எந்த மலேரியாத் தடுப்பூசிக்கும் இவ்வளவு நீண்ட வரலாறு கிடையாது. ஆனால் எந்த நிதிநிலை அறிக்கையிலாவது ஜன்னல் வலை மலேரியாச் செலவாக எழுதப்பட்டிருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

அண்மைக்காலச் சான்றும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் 2009இல் வெளிவந்த சோதனையில், வீட்டுக்கு முழுமையாக வலையடித்தபோது உள்ளே வரும் கொசு பாதிக்குமேல் குறைந்தது. குழந்தைகளின் ரத்தச்சோகையும் கணிசமாகக் குறைந்தது. ஐவரி கோஸ்ட்டில் ஜன்னல்களுக்கு வலையடித்து, இறவாரத்தை அடைத்து, மருந்திட்ட சிறு குழாய்களை அதில் பொருத்தினார்கள். குழந்தைகளுக்கு மலேரியா வருவது 38 சதவீதம் குறைந்தது. ஆப்பிரிக்காவின் 21 நாடுகளில் ஒரு லட்சத்து 39 ஆயிரம் குழந்தைகளின் தரவுகளை வைத்து 2017இல் ஒரு கணக்குப் போட்டார்கள். சீரான கூரை, சுவர், தரை உள்ள வீட்டில் வாழும் குழந்தைக்கு மலேரியா தொற்றியிருக்கும் வாய்ப்பு 9 முதல் 14 சதவீதம் குறைவு. கொசுவலைக்குள் தூங்குவதால் கிடைத்த பலனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அந்த வீடுகளை மலேரியாவை நினைத்து யாரும் கட்டவில்லை. மக்கள் கையில் காசு வந்தது, கூரை மாற்றினார்கள், காய்ச்சல் குறைந்தது.

என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் மறைக்கக் கூடாது. அதே காம்பியாவில் 2021இல் இன்னொரு சோதனையின் முடிவு வந்தது. புல் வேய்ந்த வீடுகளுக்குத் தகரக் கூரை போட்டு, இறவாரத்தை மூடி, வலைக்கதவு வைத்தார்கள். இரு தரப்புக் குழந்தைகளுக்கும் கொசுவலையும் கொடுத்தார்கள். வீடு மாறியதால் மலேரியா கூடுதலாகக் குறையவில்லை. அது ஏற்கெனவே கொசுவலை நன்றாகப் பரவி, நோயும் தணிந்துவிட்ட பகுதி. இதிலிருந்து "வீட்டால் பயனில்லை" என்று முடிவு கட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வீடு ஒரு மாத்திரைபோல எங்கும் ஒரே அளவில் வேலை செய்யும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல கடிவாளம். தகரக் கூரையைப் போட்டு இறவாரத்தை அடைத்துவிட்டு, காற்றுக்கு வழி வைக்காவிட்டால் வீடு அடுப்பாகிவிடும். வெக்கை தாங்காமல் மனிதர் கொசுவலையை உதறிவிட்டுத் திண்ணையில் வந்து படுப்பார். கட்டுகிறவருக்கு வெயிலும் தெரிய வேண்டும், கொசுவும் தெரிய வேண்டும்.

2000ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், கொசுவலைக்கும் அதற்கான மருந்துக்கும் வரியையும் சுங்கத்தையும் குறைப்போம் அல்லது நீக்குவோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். நல்ல கையெழுத்து. ஜன்னலுக்கு அடிக்கும் கம்பி வலை அந்தப் பட்டியலில் ஏன் வரவில்லை? கட்டில்மேல் தொங்கினால் மருந்து, ஜன்னலில் அடித்தால் கட்டுமானப் பொருள் என்று பிரித்துப் பார்ப்பது உங்கள் வரி அட்டவணைதான். கொசுவுக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

இனி காய்ச்சல் வந்தபிறகு நடப்பதைப் பார்ப்போம்.

எனக்கும் ஒருமுறை மலேரியா வந்ததுண்டு. வைவாக்ஸ் வகை, பழையவர்கள் முறைக்காய்ச்சல் என்பார்களே, அது. ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லி வைத்ததுபோல் குளிர் வந்து பல்லைக் கிட்ட வைக்கும். பிறகு உடம்பு கொதிக்கும். பிறகு வேர்த்துக் கொட்டி, ஒன்றுமே நடக்காததுபோல் விட்டுவிடும். நான் மாதச் சம்பளக்காரன். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். கல்லீரலில் பதுங்கிய ஒட்டுண்ணியை ஒழிக்கப் பதினான்கு நாள் பிரிமாகுவின் சாப்பிட வேண்டும் என்றார்கள், சாப்பிட்டேன். அதே வாரம் அதே காய்ச்சலோடு பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தினக்கூலி. மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்ததும் மாத்திரைப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். சில மாதங்களில் அவருக்குத் திரும்பவும் வந்தது. ஒட்டுண்ணி ஒன்றுதான், மாத்திரையும் ஒன்றுதான். வித்தியாசம் விடுப்பில் இருந்தது. அவருடைய மருத்துவச் சீட்டில் "சிகிச்சையை முடிக்கவில்லை" என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அப்போது தெரியவில்லை.

இப்படிப்பட்ட வித்தியாசங்கள் கூடிக்கூடி எவ்வளவு ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2013இல் வெளியான ஒரு தொகுப்பு, ஒரே ஊரிலேயே மிக ஏழை வீட்டுக் குழந்தைக்கு மலேரியா தொற்றும் வாய்ப்பு, ஓரளவு வசதியுள்ள வீட்டுக் குழந்தையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டது. மழையும் சதுப்பும் கொசுவும் இருவருக்கும் பொது. வீடு, சோறு, தாயின் படிப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை, அந்தப் பாதையில் ஓடும் வண்டிக்குக் கட்டணம் ஆகியவைதான் வேறு. ஃபால்சிபாரம் வகை மலேரியா ஒரு சிறு குழந்தையை ஓரிரு நாளில் கொன்றுவிடக்கூடியது. "விடியட்டும், பார்க்கலாம்" என்று ஒரு தாய் சொன்னால் அது அலட்சியமாக இருக்க வேண்டியதில்லை. இரவில் போக வண்டி இல்லாமல் இருக்கலாம்.

இலவசமாகக் கொடுத்த கொசுவலையை ஏரியில் விரித்து மீன் பிடிக்கிறார்கள் என்று ஆப்பிரிக்க ஏரிக்கரைகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் படித்தவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. காய்ச்சல் வரலாம், வராமலும் போகலாம். பசி இன்றிரவே வரும். அந்தக் குடும்பம் போட்ட கணக்கு தவறானதாக இருக்கலாம், முட்டாள்தனமானது அல்ல.

பசிக்கும் மலேரியாச் சாவுக்கும் உள்ள உறவு பழையது. 1908இல் பஞ்சாபில் பெருமழைக்குப் பின் மலேரியா கொள்ளைநோயாக வந்து மூன்று மாதங்களில் சுமார் மூன்று லட்சம் பேரைக் கொண்டுபோனது. அதை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ் என்ற மருத்துவ அதிகாரி மழையளவைப் பார்த்தார். கூடவே தானிய விலையையும் பார்த்தார். விலை ஏறியிருந்த ஆண்டில் மழையும் கொட்டினால் சாவு பெருகும் என்று கண்டு 1911இல் எழுதினார். கொசு கடிக்கிறது, பஞ்சம் கொல்கிறது என்று அதற்குப் பொருள். 1934-35இல் இலங்கையில் வறட்சியால் ஆறுகள் குட்டைகளாகச் சுருங்கி, விளைச்சலும் பொய்த்திருந்த வேளையில் வந்த மலேரியாவுக்குச் சுமார் 80,000 பேர் பலியானார்கள். அங்கும் முதலில் விழுந்தவை சோறில்லாத வீடுகள்தான்.

இத்தாலிக்கு ஒருமுறை திரும்பிப் போகிறேன். அங்கே 1900இல் அரசே கொயினா தயாரித்து, உப்பும் புகையிலையும் விற்கும் அரசுக் கடைகளிலேயே மலிவாக விற்கச் சட்டம் வந்தது; பின்னர் ஏழைகளுக்கும் தொழிலாளர்களுக்கும் அதை இலவசமாக்கினார்கள். கொயினா வந்தது, ஆனால் விவசாயக் கூலிகள் வாங்கி விழுங்கவில்லை. அரசு கொடுக்கும் கசப்பு மாத்திரையை ஏன் நம்ப வேண்டும்? எழுத்து தெரியாதவர்களிடம் துண்டறிக்கை கொடுத்துப் பயனில்லை. செல்லியும் அவர் மனைவி அன்னாவும் நண்பர்களும் ரோமைச் சுற்றியிருந்த வயல்வெளிகளில் கூலிகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். மலேரியா மருத்துவர் பள்ளிக்கூடம் நடத்தினார் என்பதை நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு அவர் அப்படிச் செய்தால், "இது எந்தத் தலைப்பில் செலவு?" என்று உங்கள் தணிக்கைப் பிரிவு குறிப்பு எழுதும். இத்தாலி மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது 1970இல். டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி கடைசி அடியை அடித்தது உண்மை. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பள்ளிக்கூடமும் கொயினாவும் நிலச் சீர்திருத்தமும் வடிகாலும் வேலையைத் தொடங்கியிருந்தன.

இதுவரை படித்தவர், "சரி, வளர்ச்சி வந்தால் மலேரியா போய்விடும், நாங்களும் வளர்ச்சிக்குத்தானே பாடுபடுகிறோம்" என்று சாய்ந்து உட்காரக்கூடும். அங்கேதான் எனக்கு உங்களோடு சண்டை.

நீங்கள் வளர்ச்சி என்று பெயரிட்டுத் திறந்துவைக்கும் பல காரியங்கள் மலேரியாவை வளர்க்கின்றன. வட எத்தியோப்பியாவின் திக்ராய் பகுதியில் வறட்சியைப் போக்கச் சிறு அணைகள் கட்டினார்கள். அணைக்கு அருகே இருந்த எட்டு ஊர்களையும், அதே உயரத்தில் கொசு பறந்து வர முடியாத தூரத்தில் இருந்த எட்டு ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அணையருகே வாழ்ந்த குழந்தைகளுக்கு மலேரியா ஏழு மடங்கு. 1999இல் வெளியான அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் டெட்ரோஸ் அதனோம் கெப்ரேயேசுஸ், இன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர். அணை வேண்டாம் என்று அவர் எழுதவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஊருக்குத் தண்ணீர் வேண்டும். அணைக்கு மதிப்பீடு போட்டவர்கள் சிமென்டைக் கணக்கில் சேர்த்தார்கள், பாசன ஏக்கரைச் சேர்த்தார்கள், விளைச்சலைச் சேர்த்தார்கள். குழந்தைகளின் காய்ச்சல் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. அது வேறொரு அமைச்சகத்தின் செலவாகிப் போனது. அதைவிடவும் அந்தத் தாய்மார்களின் செலவாகிப் போனது.

அணையும் கட்டி மலேரியாவையும் விரட்ட முடியாதா? அமெரிக்காவில் டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் செய்து காட்டினார்கள். 1933இல் அந்த ஆற்று ஆணையம் தொடங்கியபோது அந்தப் பகுதி மக்களில் சுமார் 30 சதவீதம் பேரை மலேரியா பீடித்திருந்தது. ஆணையம் வரிசையாக அணை கட்டியது. கொசுவுக்கு அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. ஆனால் தொடக்கத்திலிருந்தே பொறியாளர்களோடு மலேரியா நிபுணர்களும் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். நீர்த்தேக்கத்தின் மட்டத்தை அடிக்கடி ஏற்றி இறக்கினார்கள். கரையோரப் புல்லில் ஒதுங்கிய கொசுப்புழு தண்ணீர் வடிந்ததும் கரையில் காய்ந்து செத்தது. கரைச் செடிகொடிகளை வெட்டினார்கள். கரையோர வீடுகளுக்கு வலையடித்தார்கள். மின்சாரமும் வேலையும் வந்து மக்கள் கையிலும் கொஞ்சம் காசு புழங்கியது. 1947க்குள் அங்கே மலேரியா ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. மதகை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்ற அட்டவணை அங்கே மலேரியா மருந்தாக இருந்தது. அந்த அட்டவணைக்குத் தனியாகப் பெரிய செலவு ஏதும் இல்லை. கேட்கும் இடத்தில் ஒரு கொசு நிபுணர் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவே.

சுரங்கக்காரர்களும் இதைச் செய்திருக்கிறார்கள், கருணையால் அல்ல. இன்றைய ஸாம்பியாவில் ரோன் ஆண்டிலோப் செம்புச் சுரங்கத்தில் 1929 வாக்கில் தொழிலாளர்கள் மலேரியாவில் விழுந்துகொண்டே இருந்தார்கள். சுரங்கம் நடக்காது என்ற நிலை. சதுப்பை வடித்து, ஆற்றோரத்தைச் சீர்செய்து, தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்து, வீடுகளுக்கு வலையடித்து, கொயினா கொடுத்தார்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மலேரியாவும் அதன் சாவும் 70 முதல் 95 சதவீதம் வரை குறைந்தன. டி.டி.டி. வருவதற்கு வெகு முன்பு நடந்தது இது. லாபம் தடைபட்டால் பணம் தானாகக் கிடைக்கிறது என்பதை இதில் பார்க்கலாம். குழந்தைகளின் சாவு எந்தக் கம்பெனியின் லாபத்தையும் தடுப்பதில்லை என்பதையும் பார்க்கலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு சுரங்கக் கதை. வெனிசுவேலா 1961இலேயே தன் நிலப்பரப்பின் பெரும்பகுதியில் மலேரியாவை ஒழித்து உலகத்தின் பாராட்டை வாங்கியது. அதன் மலேரியாத் துறை வெறும் மருந்தடிக்கும் துறையாக இருக்கவில்லை. கிராமப்புற வீடுகள் கட்டும் திட்டத்தையும் அதே துறைதான் நடத்தியது. பிறகு பொருளாதாரம் சரிந்தது. வேலை இழந்தவர்கள் பொலிவார் மாநிலக் காடுகளில் கள்ளத்தனமாகத் தங்கம் தோண்டப் போனார்கள். தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்றது, மருந்து இல்லை, படுக்கச் சுவரும் இல்லை. 2017இல் மலேரியா நோயாளிகள் 4 லட்சத்தைத் தாண்டினார்கள். அரை நூற்றாண்டு உழைப்பு சில ஆண்டுகளில் கரைந்தது.

நெல்வயலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆப்பிரிக்காவில் நெல்பாசனம் வந்த ஊர்களில் கொசு பெருகினாலும் மலேரியா அந்த அளவு பெருகவில்லை என்று நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். நெல் விற்ற காசில் வலையும் மருந்தும் நல்ல வீடும் வந்தன என்று விளக்கமும் தந்தார்கள். 2003க்குப் பிந்தைய தரவுகள் அந்த ஆறுதலைப் பறித்துவிட்டன. வலை எல்லோருக்கும் இலவசமாகப் போய்ச் சேர்ந்ததும் நெல் ஊர்களுக்கு இருந்த அனுகூலம் மறைந்தது. கொசு மட்டும் மிஞ்சியது. இன்று நெல் விளையும் ஊரில்தான் மலேரியா அதிகம். நெல்லுக்கு நீங்கள் தரும் மானியத்தில், தண்ணீரை இடையிடையே வடித்துக் காயவிடும் பாசன முறைக்கு ஒரு பங்கு உண்டா?

நகரத்துக்குப் போனால் மலேரியா பின்தொடராது என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருக்கிறது. தெற்காசிய நகரங்களில் பழகிய அனாபிலிஸ் ஸ்டெஃபென்சி என்ற கொசு 2012இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் காணப்பட்டது. இது வயலையும் சதுப்பையும் தேடுவதில்லை. மேல்நிலைத் தொட்டி, சிமென்ட்டுத் தொட்டி, வீட்டில் பிடித்து வைத்த பீப்பாய்த் தண்ணீர் போதும். அந்த ஆண்டு ஜிபூட்டியில் மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020இல் 73,000க்கு மேல். மக்கள் ஏன் வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள்? குழாயில் எப்போது வரும் என்று தெரியாததால். மூடியில்லாத தொட்டிக்கு அபராதம் போடுவது எளிது. தினமும் தண்ணீர் விடுவது கடினம், அது உங்கள் வேலை.

இப்போது இரண்டு பேருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒருவர், "முதலில் நாடு பணக்கார நாடாகட்டும், மலேரியா தானே போகும்" என்பவர். மலேரியா மிகுந்த நாடுகளின் தலா வருமான வளர்ச்சி, மற்ற காரணங்களைக் கழித்த பிறகும், ஆண்டுக்கு 1.3 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது என்று 2001இல் காலப், சாக்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் காட்டினார்கள். அந்த எண்ணில் தர்க்கம் செய்ய இடமுண்டு, நோய் வறுமையைத் தந்ததா வறுமை நோயைத் தந்ததா என்று பிரித்தெடுப்பது சுலபமில்லை. ஆனால் காய்ச்சலில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும், அறுவடை நேரத்தில் படுத்த உழவரும் வளர்ச்சி வரட்டும் என்று காத்திருக்க முடியாது. இலங்கை பணக்கார நாடாகிவிட்டு மலேரியாவை ஒழிக்கவில்லை. போர் நடந்துகொண்டிருந்த காலத்திலும் மலேரியாப் பணி நிற்காமல் நடந்தது; 2012க்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் உள்நாட்டில் தொற்றிய நோயாளி இல்லை; 2016இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. இலவச மருத்துவமும் பெண்களின் படிப்பும் அங்கே பணத்துக்கு முன்பே வந்திருந்தன. 1940களில் ஆண்டுக்கு மூன்று கோடி மலேரியா நோயாளிகளைக் கண்ட சீனா 2021இல் சான்று பெற்றது. அதுவும் பணம் சேரட்டும் என்று வேலையைத் தள்ளிப்போடவில்லை.

இன்னொருவர் நேர் எதிர். என் கடிதத்தையே எடுத்துக்கொண்டு, "வீடும் வாய்க்காலும்தான் நிரந்தரத் தீர்வு, அப்படியென்றால் வலைக்கும் மருந்துக்கும் கொடுப்பதைக் குறைக்கலாம்" என்று சொல்லக்கூடியவர். அவர் கையில் இந்தக் கடிதம் சிக்கக் கூடாது என்றுதான் எனக்குப் பயம். இலங்கையில் 1963இல் மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். வெற்றி என்று நினைத்து மருந்தடிப்பை நிறுத்திக் கண்காணிப்பையும் தளரவிட்டார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா. வீடு கட்டி முடியும்வரை வலை வேண்டும். வடிகால் வெட்டி முடியும்வரை மருந்து வேண்டும். கட்டியபிறகும் காய்ச்சல்காரரின் விரலில் ரத்தம் எடுத்துப் பார்க்க ஒருவர் வேண்டும். வலைக்கு உள்ள பணத்தை எடுத்துச் சுவருக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சுவருக்கு ஏற்கெனவே கொடுக்கும் பணத்தை மலேரியாவை நினைத்துக்கொண்டு கொடுங்கள் என்கிறேன்.

வீட்டுவசதித் திட்டத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்குகிறீர்கள். அந்த வீட்டின் வரைபடத்தில் மூடிய இறவாரமும், வலையடித்த ஜன்னலும், தானாக மூடிக்கொள்ளும் கதவும் இருந்தால்தான் கடைசித் தவணை விடுவிக்கப்படும் என்று ஒரு வரி சேர்க்கலாம். அணைக்கும் பாசனத்துக்கும் சாலைக்கும் கடன் கொடுக்கும் வங்கிகள், சாலைபோட மண் எடுத்த குழியை மூடாத ஒப்பந்தக்காரருக்கு இறுதிப் பட்டுவாடா செய்யாமல் நிறுத்தி வைக்கலாம். இன்றும் எத்தனையோ சாலைகளின் இருமருங்கும் அந்தக் குழிகளில் மழைநீர் நிற்கிறது. அணைத் திட்டத்தின் செலவு அறிக்கையில், சுற்றியுள்ள ஊர்களின் மலேரியாவைப் பத்தாண்டு கவனிக்கும் பணத்தையும் சேர்த்துக் காட்டச் சொல்லலாம். அந்தச் செலவைச் சேர்த்தால் அணை லாபமில்லை என்று தெரிந்தால், முன்பு காட்டிய லாபம் யாருடையது என்றாவது தெரியும். தினக்கூலிக்காரருக்குக் காய்ச்சல் நாட்களில் பாதிக் கூலியாவது கிடைக்க வழி செய்தால் பதினான்கு நாள் மாத்திரை பதினான்கு நாளும் உள்ளே போகும். ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் மலேரியா ஒழிப்புக் கூட்டணியும் சேர்ந்து 2013இலேயே பல துறைகளும் இணைந்து செய்ய வேண்டிய மலேரியாப் பணிக்கு ஒரு வரைவு தந்திருக்கின்றன. அது உங்கள் அமைச்சக நூலகத்தில் எங்காவது இருக்கும். புதிதாகக் குழு போட வேண்டாம்.

அடுத்த நிதிநிலை அறிக்கை தயாராகும்போது வீட்டுவசதி, பாசனம், குடிநீர், சுரங்கம் ஆகிய துறைச் செயலர்கள் ஒவ்வொருவராக உங்கள் அறைக்கு வருவார்கள். அவர்கள் கோப்பைத் திறப்பதற்கு முன், "உங்கள் திட்டத்தால் எங்கே கொசு கூடும், எங்கே குறையும்?" என்று ஒருமுறை கேளுங்கள். முதலாண்டு யாருக்கும் பதில் தெரியாது. இரண்டாம் ஆண்டு, நீங்கள் மறுபடியும் கேட்பீர்கள் என்று தெரிந்தால், கேட்டுத் தெரிந்துகொண்டு வருவார்கள்.

இப்படிக்கு,
முறைக்காய்ச்சலில் படுத்தெழுந்த ஒரு மாதச் சம்பளக்காரன்